தொட்டில் இல்லாத பிள்ளை

பூரணிக்குப் பொய் சொல்ல வராது என்று அந்தத் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது சரிதான், ஒரே ஒரு பொய்யைத் தவிர. கண்டி ஆஸ்பத்திரி கிளினிக்கில் டாக்டர் கேட்ட கேள்விக்கு "இல்லீங்க" என்று தலையாட்டினாளே, அதுதான் அந்தப் பொய். அந்த ஒரு சொல்லுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

வட்டவளையிலிருந்து மேலே ஏறிப் போனால் அந்தத் தோட்டம். அதன் மேல் டிவிசன் பிள்ளை மடுவத்தில் பூரணி ஆயாவாக இருந்தாள். கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் காலையில் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்குத்தான் பிள்ளை மடுவம் என்று பெயர். பூரணிக்கு ஐம்பத்தாறு வயது. புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஆனால் இன்று கூடை தூக்குகிற பெண்களில் பாதிப் பேருக்கு மூக்குச் சிந்திவிட்டவள் அவள்தான். அவர்கள் பிள்ளைகளுக்கும் இப்போது அவளேதான் சிந்திவிடுகிறாள்.

மடுவத்துக்கு இரும்புக் கட்டில்கள் வந்து நெடுநாளாகிறது. வந்து என்ன? அவை சுவரோரம் துணி காயப்போடத்தான் ஆகின்றன. பெற்றவள் உடுத்திய சேலையின் வாசம் இல்லாமல் பிள்ளை தூங்காது என்பது அங்குள்ள தாய்மார்களின் கட்சி. பிள்ளையை முதன்முதலாக மடுவத்தில் சேர்க்கிற அன்றைக்குத் தாய்க்காரி உடுத்திப் பழசான சேலை ஒன்றைக் கொண்டுவந்து பூரணி கையில் கொடுக்க வேண்டும். பூரணி அதை விட்டத்தில் கட்டித் தொட்டிலாக்குவாள். அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளை மடுவத்துப் பிள்ளை. மடுவத்துக்குப் பொறுப்பாக இருக்கிற லோஜினி இதற்கென்றே படித்து வந்த பெண். சேலைத் தொட்டில் கூடாது என்று அவளும் கொஞ்ச நாள் சண்டை பிடித்துப் பார்த்தாள். பிறகு, பூரணி போட்ட முடிச்சு அவிழ்ந்ததாகச் சரித்திரமே இல்லை என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

வியாதி முதலில் வலது கையில்தான் வந்தது. சும்மா மடியில் வைத்திருந்தாலும் கை தானாக ஆடும். தொட்டிலின் மேல் போட்டிருந்தால் தொட்டிலும் சேர்ந்து ஆடும். "நம்ம பூரணியக்காவுக்கு மோட்டர் பூட்டிட்டாங்கடி" என்று தாய்மார்கள் கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு முகத்துக்கு வருவதற்கே நேரமெடுத்தது. நடை குறுகியது, குரல் உள்ளே போனது. கண்டிக்குப் போனபோதுதான் இது பார்க்கின்சன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரையால் நல்ல குணம் தெரிந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. இரவிக்கை கொக்கியை அவளே மாட்டிக்கொண்டாள், முடிச்சும் முன்போலவே விழுந்தது. போகப்போக மாத்திரையைக் கூட்டினார்கள். ஆடுகிற கையைப் பற்றித்தான் எல்லோரும் விசாரித்தார்கள். உள்ளே நடந்ததைக் கேட்பார் யாருமில்லை. பொழுது சாயும் நேரத்தில் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கோயிலுக்குப் போகத் தோன்றாது, சோறு வைக்கத் தோன்றாது. தெரிந்த வேலைகூட நடுவில் நின்றுவிடும், அடுத்து என்ன செய்ய வேண்டுமென்று யோசித்து யோசித்து நிற்பாள். முகம் அசையாமல் கல்லாக இருப்பதால் புதிதாக வருகிற கைக்குழந்தைகள் அவளைப் பார்த்ததும் வீரிட்டன. எல்லாவற்றையும்விட அதுதான் அவளுக்குப் பெரிய அடி.

அதற்கப்புறம்தான் அந்தப் பிள்ளை வந்தது.

பிள்ளைகளுக்குக் கொடுக்கிற திரிபோஷா சத்துமாவைச் சீனி போட்டுப் பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. தண்ணீர்க் குடம் இருக்கிற மூலையில் மூன்று வயசு மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை குந்தியிருந்தது. மஞ்சள் சட்டை. முகம் மட்டும் சரியாகப் பிடிபடவில்லை. யார் பெற்றதோ, பசியோடு இருக்கிறது என்று பூரணி ஓர் உருண்டையை நீட்டினாள். வாங்குவதற்குக் கை வரவில்லை. நீட்டியபடியே நின்றாள்.

"யாருக்குக்கா குடுக்குறீங்க?" என்று பின்னாலிருந்து லோஜினி கேட்டாள்.

திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி மூலையைப் பார்த்தால் குடம் மட்டும்தான் இருந்தது. காக்காவுக்கு என்று சொல்லிச் சமாளித்தாள்.

அது மறுபடி வந்தது. மடுவத்துக்கும் வந்தது, அவள் குடியிருந்த லயத்துக் காம்பராவுக்கும் வந்தது. பேசாது, அழாது, கிட்டேயும் வராது. மூலையில் குந்திக்கொண்டு இருக்கும், அவ்வளவுதான். வேறு லயத்திலிருக்கிற தங்கை காளியாயியிடம் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தாள். அவளோ, உன் வயிற்றில் தங்காமல் போனதுதான் தேடி வந்திருக்கிறது, கோடாங்கியிடம் போவோம் என்று கிளம்பிவிட்டாள். பூரணிக்கு ஆத்திரமாக வந்தது. உடன்பிறந்தவள் பேசுகிற பேச்சா இது? கனவு கண்டேன் என்று சொல்லி அந்தப் பேச்சை அத்தோடு முடித்தாள்.

அடுத்த கிளினிக்கில்தான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் சிங்களத்தில் கேட்க, பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி தமிழில் சொன்னாள்: இல்லாத ஆள், மிருகம், பூச்சி என்று கண்ணுக்கு ஏதாவது தெரிகிறதா? பூரணிக்கு முத்துலிங்கத்தின் ஞாபகம் வந்தது. கீழ் லயத்து மனுஷர். ஒரு காலத்தில் புத்தி பேதலித்து, அங்கொடை ஆஸ்பத்திரியில் வைத்து வைத்தியம் பார்த்து, நன்றாகக் குணமாகித் திரும்பி வந்தவர். வந்து என்ன? இன்றைக்கும் அவர் லயத்து வாசலில் நடந்து போனால் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். மரியாதையாகத்தான் பேசுவார்கள், பிள்ளையை மட்டும் இழுத்துக்கொள்வார்கள். பூரணியே அப்படி இழுத்திருக்கிறாள். அதனால்தான் "இல்லீங்க" என்றாள். சொல்லுங்கள், அவள் இடத்தில் யார்தான் வாயைத் திறந்திருப்பார்கள்?

வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தாலென்ன என்று கேட்கலாம். வீட்டில் அவளும் அந்த மஞ்சள் சட்டையும் மட்டும்தான். மடுவத்தில் இரைச்சல் இருக்கும். இரைச்சல் இருந்தால் அது அதிகம் வராது. ஆனால் மடுவத்தில் வேறொரு பயம் இருந்தது. பிள்ளைகளுக்கு நடுவில் அது வந்து உட்கார்ந்தால் எது நிஜம், எது பொய் என்று எப்படித் தெரியும்? இல்லாத பிள்ளையைத் தூக்கப் போய் இருக்கிற பிள்ளையைக் கீழே போட்டுவிட்டால்? தெய்வமே, அப்படி ஒன்று மட்டும் நடந்துவிடக் கூடாது என்று தினமும் மடுவத்துக் கதவைத் திறக்கும்போது வேண்டிக்கொள்வாள்.

அதற்கும் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். சந்தேகம் வந்தால் விட்டத்தை அண்ணாந்து பார்ப்பது. ரோசாப்பூப் போட்ட நைலக்ஸ் சேலை கிஷாந்துடையது. கிளிப்பச்சைச் சேலை சின்ன கஜேந்திரனுடையது. நீலத்தில் கோடு போட்டது மாரியின் மகளுடையது. எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் அதற்கொரு சேலை மேலே தொங்கும். மஞ்சள் சட்டைக்காரிக்கு மட்டும் தொட்டில் கிடையாது. தொட்டில் இல்லையென்றால் பிள்ளை இல்லை. மனசுக்குள் அப்படிச் சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கொஞ்ச நேரத்தில் அது போய்விடும். இந்தக் கணக்கு ஒரு நாளும் தப்பவில்லை. தப்பாத கணக்கைத்தான் மனுஷர் மலைபோல நம்பிவிடுகிறார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். மறுநாள் தனக்கு அட்டனில் கூட்டம் என்று லோஜினி சாயங்காலம் சொன்னாள். இன்னொரு ஆயா மீனம்மா தன் மகள் பிரசவத்துக்கு இறம்பொடை போயிருந்தாள். தனியாகச் சமாளிப்பீர்களா என்று லோஜினி கேட்டாள், பூரணி தலையாட்டினாள். லோஜினி இன்னொன்றும் சொன்னாள்: டயகமவிலிருந்து ரூபிகா என்று ஒரு பெண் தாய் வீட்டோடு வந்து இருக்கிறாள், இங்கேயே பேர் பதிந்திருக்கிறாள், நாளையிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள். அதற்கும் பூரணி தலையாட்டினாள். லயத்துக்கு இறங்கி வருவதற்குள் அது மனசிலிருந்து துடைத்துப் போட்டதுபோலப் போய்விட்டது. இதுவும் அந்த வியாதி செய்கிற வேலைதான் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். அன்றைக்கு அவளுக்கு அது தெரியாது.

காலையில் மலையே கண்ணுக்குத் தெரியாத மூடுபனி. தாய்மார்கள் நனைந்துகொண்டு ஓடிவந்து பிள்ளைகளை இறக்கிவிட்டு ஓடினார்கள். பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் பிந்தினால் கங்காணி அன்றைக்கு வேலை கொடுக்க மாட்டார். எல்லாருக்கும் கடைசியாக ரூபிகா வந்தாள். பூரணி அப்போது வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு கைக்குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். "அக்கா, புள்ளைய விட்டுட்டுப் போறேன், சேலைய மத்தியானம் கொண்டாரேன்" என்று வாசலிலிருந்தே ரூபிகா சொன்னாள். அதே நேரம் உள்ளே இரண்டு பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தன. பூரணி எல்லோருக்கும் சொல்வதுபோலத் திரும்பாமலே "சரிம்மா" என்றாள். திரும்புவதற்கே அவளுக்கு ஒரு யுகமாகும். அவள் துணியைக் கட்டி முடித்துத் திரும்பும்போது ரூபிகா பனிக்குள் போய்விட்டாள்.

தண்ணீர்க் குடத்து மூலையில் ஒரு பிள்ளை குந்தியிருந்தது.

இவ்வளவு காலையிலேயே வந்துவிட்டதா? இன்றைக்குச் சட்டை மஞ்சள் இல்லை, சிவப்பு கம்பளிச் சட்டை. முகமும் தெரிந்தது, பெரிய கண்கள், ஒழுகுகிற மூக்கு. அவள் விட்டத்தை அண்ணாந்து பார்த்தாள். ரோசாப்பூ, கிளிப்பச்சை, நீலக்கோடு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புதிதாக ஒன்றும் தொங்கவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு வந்து என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா என்று மனசுக்குள் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அது போகவில்லை. திரிபோஷா உருண்டை கொடுக்கும்போது எல்லாப் பிள்ளைகளோடும் சேர்ந்து அதுவும் கை நீட்டியது. பூரணி அந்தக் கையைத் தாண்டிப் பக்கத்துக் கைக்குக் கொடுத்தாள். அந்தக் கை நீண்டபடியே கொஞ்ச நேரம் இருந்து, பிறகு மடங்கிக்கொண்டது. அது அழுதிருந்தால் கதையே வேறு. புது இடத்தில் வாயடைத்துப் போகிற பிள்ளைகள் உண்டு. பூரணி தன் காலத்தில் அப்படி எத்தனை பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாள்! ஆனால் அன்றைக்கு அவளுக்கு விட்டத்தைத் தவிர வேறெதிலும் நம்பிக்கை இல்லை.

மற்றவை உண்டுவிட்டுத் தொட்டிலில் படுத்தன. மடுவம் அமைதியானது. அந்த அமைதிதான் பூரணிக்கு ஆகாது. கூரைத் தகரத்தில் மழை விழ, அவள் பலகையில் உட்கார்ந்து ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்போது மூலையில் இருந்தது எழுந்தது. எழுந்து நடந்தது. வரிசையாகத் தொங்கிய சேலைகளுக்கு அடியில் இரண்டு சின்னப் பாதங்கள் அவளை நோக்கி வந்தன. இத்தனை மாதத்தில் அது கிட்டே வந்ததே இல்லை. எழுந்து ஓடலாமென்றால் உடம்பு பலகையோடு பலகையாகிவிட்டது. பாதங்கள் வந்து முன்னால் நின்றன. அது கையை நீட்டி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது.

இழுத்ததை அவள் உணர்ந்தாள். கண்ணுக்கு மட்டும் தெரிந்தது இப்போது கை வைக்கவும் தொடங்கிவிட்டது, இனி இது என்னை விடாது என்று நினைத்தாள். மாதக்கணக்கில் உள்ளே போய்க் கிடந்த குரல் அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

"போ! போயிரு! ஒன்னைய யாரு கூப்பிட்டா? போ வெளிய!"

பிள்ளை முந்தானையை விட்டது. உதடு பிதுங்கியது. ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய், ரூபிகா அவசரத்தில் கொளுவாமல் விட்டுப்போன அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் இறங்கிவிட்டது.

அப்பாடா என்றிருந்தது பூரணிக்கு. வாயைத் திறந்து விரட்டினால் போய்விடுமென்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கதவைக் கொளுவப் போனாள். போகிற வழியில் குடத்து மூலையில் சிமெந்துத் தரை நனைந்திருப்பதைக் கண்டாள். கூரை ஒழுகுகிறதோ என்று மேலே பார்த்தாள். தகரம் அந்த இடத்தில் காய்ந்துதான் இருந்தது. குடமும் ஒழுகவில்லை. மெல்லக் குனிந்து விரலால் தொட்டாள். வெதுவெதுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. மூக்கருகே கொண்டுபோனாள். பிள்ளை மூத்திரம் துடைத்தே தேய்ந்த கைக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இல்லாத பிள்ளை மூத்திரம் பெய்யாது.

நேற்றுச் சாயங்காலம் லோஜினி சொன்னது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. டயகமவிலிருந்து வந்த ரூபிகா. நாளையிலிருந்து பிள்ளையைக் கொண்டுவந்து விடுவாள். ஐயோ, தொட்டிலை இனிமேல்தானே கட்ட வேண்டும்! கீழே மழைத் தண்ணீரை இறக்கிவிடுகிற பெரிய கான் இருக்கிறது. இந்த மழையில் அது ஆறாக ஓடும். நாய் விழுந்தால்கூட ரோட்டு மதகில்தான் போய் எடுக்க வேண்டும்.

ஓட நினைத்தாள். வாசலில் கால் நின்றுவிட்டது. நிலைப்படி வந்தால் அவள் கால் இப்படித்தான் தரையோடு ஒட்டிக்கொள்ளும், மற்ற நாளில் நின்று நின்று போவாள். இன்று நிற்க ஏது நேரம்? மனசு கானோரம் போய் நிற்கிறது, கால் இங்கே நிற்கிறது. இழுத்துப் பார்த்தாள். தொடையில் குத்தினாள். கத்திப் பார்த்தாள், விரட்டும்போது வந்த குரல் கூப்பிடும்போது வரவில்லை. கதவோரம் விளக்குமாறு சாய்த்து வைத்திருந்தது. தரையில் குறுக்கே ஒன்று கிடந்தால் அதைத் தாண்டுவதற்குக் கால் தூக்கும் என்று கண்டி கிளினிக்கில் பயிற்சி சொல்லித்தருகிற பெண் கோடு போட்டு நடக்கப் பழக்கியது ஞாபகம் வந்தது. விளக்குமாற்றைத் தட்டி விழுத்தினாள். அது நிலைப்படிக்குக் குறுக்கே விழுந்தது. ஒரு கால் தூக்கியது, மறு கால் தொடர்ந்தது. வெளியே வந்ததும் அரைக்கதவைக் கொளுவிவிட்டு மழையில் இறங்கினாள்.

பனியில் தேயிலை வரிசை நாலைந்துக்கு மேல் தெரியவில்லை. கான் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. பாதை பிரிகிற இடத்தில் வந்து நின்றவளுக்கு உயிரே போய்விட்டது. மேல் பாதையில், சவுக்கு மரத்தடியில், ஒரு பிள்ளை நின்றது. கீழே, கானோரத்தில், ஒரு பிள்ளை நின்றது. இரண்டும் பனிக்குள் நிழலாகத் தெரிந்தன. சிவப்பா மஞ்சளா என்று கண் பிரித்துச் சொல்லவில்லை. இங்கே விட்டமும் இல்லை, தொட்டிலும் இல்லை. ஒன்றுக்குப் போனால் இன்னொன்று போய்விடும். அவள் நடைக்கு இரண்டையும் எட்டிப் பிடிக்க முடியாது.

மேலே நின்றது அவளையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. எத்தனையோ சாயங்காலம் பார்த்த அதே நிற்பு. கீழே நின்றது அவளைக் கண்டதும் ஓர் அடி பின்னால் நகர்ந்தது.

பூரணிக்கு விளங்கிவிட்டது. அந்த மஞ்சள் சட்டைக்காரி ஒரு நாளும் இவளுக்குப் பயந்ததில்லை. இவள்தான் அதற்குப் பயந்தாள். இவளைப் பார்த்துப் பயப்படுகிறது எதுவோ, இவள் விரட்டின பிள்ளை அதுதான்.

கீழே இறங்கினாள். அவள் ஓர் அடி வைக்க, பிள்ளை ஓர் அடி கானை நோக்கிப் போனது. இன்னும் ஓர் அடி வைத்தால் விழுந்துவிடும். நின்றாள். சிரிக்கப் பார்த்தாள், அந்த முகம் எங்கே சிரித்தது? கை வேறு கிடந்து ஆடியது. இப்படி ஒரு முகத்தையும் கையையும் கண்டால் எந்தப் பிள்ளைதான் கிட்டே வரும்? அவள் ஒரு காரியம் செய்தாள். பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மடுவத்தில் தொட்டில் ஆட்டும்போது முனகுகிற ஆராரோவை முனகினாள். அவள் குரல் அவள் காதுக்கே கேட்கவில்லை. பின்னால் என்ன நடக்கிறதென்று திரும்பிப் பார்க்கவும் பயம். கான் இரைந்தது. ஒவ்வொரு இரைச்சலும் பிள்ளை விழுந்த சத்தம் போலவே இருந்தது. தெரிந்த சாமி பேரெல்லாம் மனசுக்குள் சொன்னாள், வாய் ஆராரோவை விடவில்லை.

முந்தானை இழுபட்டது.

சற்று முன் இழுத்த அதே இழுப்பு. பூரணி மெதுவாகக் கையைப் பின்னால் கொண்டுபோய் அந்தச் சின்னக் கையைப் பிடித்தாள். அது ஐஸாகக் குளிர்ந்திருந்தது. அதற்கப்புறம்தான் அவள் அழுதாள். சவுக்கு மரத்தடியை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மத்தியானம் தாய்மார்கள் பால் கொடுக்க வந்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பிள்ளை உடம்பு துடைத்து, வேறு சட்டை போட்டு, சுடுதண்ணீரில் கரைத்த திரிபோஷா குடித்து, பூரணியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. நடந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. சொல்லத் தெரிந்த வயசும் அந்தப் பிள்ளைக்கு இல்லை. ரூபிகா நனைந்த கூடையை வெளியே வைத்துவிட்டு வந்து, பையிலிருந்து ஊதாச் சேலை ஒன்றை எடுத்து நீட்டினாள். புதுப் பிள்ளை, பெயர் சுலக்ஷனா, அழுதாளா என்று விசாரித்தாள். நீங்கள் கட்டினால் முடிச்சு அவிழாதென்று எங்கள் அம்மா சொல்லி அனுப்பினார் என்றும் சொன்னாள்.

பூரணி சேலையை விட்டத்தில் போட்டாள். ஒரு முடிச்சு விழுந்தது. இரண்டாவது முடிச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு நின்றாள். இதைக் கட்டிவிட்டால் விட்டத்தில் இந்தப் பிள்ளைக்கும் ஒரு சேலை. நாளைக்கு இன்னொரு புதுப் பிள்ளை வரும். அதற்குத் தொட்டில் கட்டுமுன் இவள் முந்தானையை அது இழுக்கும். அதையும் இவள் விரட்டினால்? மெல்ல இரண்டு முடிச்சையும் அவிழ்த்து, சேலையை மடித்து, ரூபிகாவிடம் கொடுத்தாள்.

"நா ஒம் புள்ளைய வெரட்டிவிட்டுட்டேன்மா. மழையில கான் வரைக்கும் போயிருச்சு. எனக்கு இல்லாத புள்ளையெல்லாம் கண்ணுக்குத் தெரியுது. அப்புடி ஒன்னுன்னு நெனைச்சு வெரட்டிட்டேன். நா தனியா இருக்கற எடத்துல புள்ளைய விடாத."

ரூபிகா கத்தவில்லை. கத்தியிருந்தால் பூரணிக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். அவள் குனிந்து பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு பின்வாங்கி நின்றாள். கிஷாந்தின் தாய் ரோசாப்பூச் சேலைக்குள் கையை விட்டு மகனைத் தூக்கினாள். பிறகு கிளிப்பச்சை காலியானது. பிறகு நீலக்கோடு. ஒருத்தியும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. முத்துலிங்கத்திடம் பேசுவதுபோலவே, வருகிறோம் அக்கா என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். எதற்குப் பயந்து அந்தப் பொய்யைச் சொன்னாளோ, அது கண்முன்னே நடந்தது. வெறும் சேலைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அவள் பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அட்டனிலிருந்து வந்த லோஜினிக்கு வழியிலேயே கதை போய்விட்டது. முதலில் கோபமாகத்தான் பேசினாள். முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் பிள்ளைகளைத் தரமாட்டார்கள் என்றாள் பூரணி. அடுத்த கிளினிக்குக்கு நானும் வருகிறேன் என்றாள் லோஜினி.

வட்டவளையில் ரயிலேறி இருவரும் கண்டிக்குப் போனார்கள். மடுவத்துக்குத் திரும்பப் போக முடியுமா என்று பூரணி கேட்கவில்லை. லோஜினியும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதே டாக்டர்தான் இருந்தார். கையை மடக்கி நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு பழைய கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை லோஜினி அதை நிதானமாகத் தமிழில் சொன்னாள்: இல்லாத ஆள், மிருகம், பூச்சி என்று ஏதாவது தெரிகிறதா?

பூரணி தலைகுனிந்து இருந்தாள். கேள்வி விளங்கவில்லையோ என்று லோஜினி மறுபடி சொல்ல வாயெடுத்தாள். பூரணி தலைகுனிந்திருந்த காரணம் வேறு.

"தெரியுதுங்க ஐயா," என்றாள். "இப்பவும் இருக்கு. மஞ்சச் சட்ட போட்டுக்கிட்டு ஒங்க மேசைக்கு அடியிலதான் குந்தியிருக்கு."

லோஜினி சொல்லத் தயங்கிச் சிங்களத்தில் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. இப்படி நிறையப் பேருக்குத் தெரிகிறது, சொல்வதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள், மாத்திரையைக் குறைத்துப் பார்க்கலாம் என்றார். பிறகு எழுதுவதற்காகப் பேனாவை எடுத்தவர், மேசைக்கு அடியில் நீட்டியிருந்த காலை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டார்.